லைப்ரரில இனிமே நமக்கு என்ன வேலைன்னு கேட்டியே கவி

லீட்ஸ், இங்கிலாந்து
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

அன்பு கவி,

உன் மெசேஜ பஸ்ல வர்றப்ப படிச்சேன், போன்ல பேசுனா பாதி விட்டுப்போகும், அதான் உக்காந்து எழுதுறேன். இங்க எல்லாம் நல்லாருக்கு, நாலு மணிக்கே இருட்டிடுது, குளிரு பழகிருச்சு. அம்மாகிட்ட நான் ஒழுங்கா சமைச்சு சாப்புடுறேன்னு சொல்லிடு, வெங்காயம் கறிவேப்பிலை எல்லாம் பக்கத்துக் கடையிலயே கெடைக்குது.

உங்க மெடிக்கல் காலேஜ்ல பசங்க புக்கு எடுக்கவே வர்றதில்ல, எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கறாங்க, அப்ப நம்ம படிச்ச லைப்ரரி படிப்புக்கு என்ன அர்த்தம்னு எழுதியிருந்த. படிச்சதும் மனசு கஷ்டமாயிருச்சுடி. ஏன்னா இங்க ஆஸ்பத்திரி லைப்ரரில சேந்தப்புறம்தான் நம்ம வேலை எவ்ளோ பெரிய வேலைன்னு எனக்குத் தெரியுது.

இங்க புக்கு குடுத்து வாங்குறது சின்ன பங்குதான். டாக்டரோ நர்ஸோ வந்து, இந்த மாதிரி பேஷண்டுக்கு இந்த மருந்தா அந்த மருந்தா, எது நல்லதுன்னு ஆராய்ச்சில என்ன இருக்குன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விய மொதல்ல பிரிக்கணும்: யாருக்கு, என்ன சிகிச்சை, எதோட ஒப்பிட்டு, என்ன பலன். அப்பறம் மெட்லைன், எம்பேஸ், சினால்னு மருத்துவக் கட்டுரைங்க இருக்குற டேட்டாபேஸ் ஒவ்வொண்ணுலயும் தேடி, வந்ததுல வேண்டியத எடுத்து சுருக்கி குடுக்கணும். ஹார்ட் அட்டாக்னு ஒருத்தர் எழுதியிருப்பாரு, அதையே மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்னு இன்னொருத்தர் எழுதியிருப்பாரு, பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் வேற, அமெரிக்க ஸ்பெல்லிங் வேற, ஒண்ண விட்டாலும் நல்ல கட்டுரை கைய விட்டுப் போயிரும். சில லைப்ரரியன் டாக்டர்களோட சேந்து வார்டு ரவுண்ட்ஸே போறாங்க, இத 1971லயே அமெரிக்கால கான்சஸ் சிட்டில கெர்ட்ரூட் லாம்ப்னு ஒரு லைப்ரரியன் ஆரம்பிச்சு வச்சாங்க.

தேடுறதுல என்ன பெரிய விஷயம்னு யாராவது கேட்டா நீ இத சொல்லு. 2001ல அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ஒரு ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு நல்ல ஆரோக்கியமா இருந்த 24 வயசு பொண்ணு வாலண்டியரா வந்துச்சு, ஹெக்சாமெதோனியம்ங்கற மருந்த மூச்சுல இழுக்க வச்சாங்க, நுரையீரல் கெட்டு அந்தப் பொண்ணு செத்தே போச்சு. ஆராய்ச்சி பண்ணவரு பப்மெட்ல, அதான் மெட்லைன நெட்ல ஃப்ரீயா தேடுற எடத்துல, தேடிப் பாத்துருக்காரு, ஆனா அப்ப அதுல 1966க்கு அப்பறம் வந்த கட்டுரைங்கதான் இருந்துச்சு, அந்த மருந்து நுரையீரலுக்கு ஆபத்துன்னு 1950கள்லயே கட்டுரை வந்துருக்கு. எந்த டேட்டாபேஸ் எந்த வருஷத்துலருந்து ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நெனைப்பேன்.

அதனாலதான் இங்க டிகிரியோட படிப்ப விடுறதில்ல. சிலிப்னு லைப்ரரியன்களுக்கு ஒரு சங்கம் இருக்கு, அதுல சார்ட்டர்ஷிப்னு ஒரு தகுதி, அதுக்குத்தான் இப்ப தயாராகிட்டு இருக்கேன். பரீட்சை கெடையாது. எனக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு ஒரு திறன் பட்டியல வச்சு நானே மார்க் போட்டுப் பாக்கணும், கொறையுறத கத்துக்கிட்டு, அதனால வேலை எப்படி மாறுச்சுன்னு 1000 வார்த்தைல எழுதணும், ஆதாரமும் சேக்கணும். வழிகாட்ட ஒரு மென்டர் உண்டு, என் மென்டருக்கு வயசு அதிகம், ஆனா அவங்களயும் பேரு சொல்லித்தான் கூப்புடணும், இன்னும் எனக்கு வாய் வரமாட்டேங்குது. சார்ட்டர்ஷிப் வாங்குனவங்களும் வருஷத்துக்கு 20 மணி நேரம் புதுசா கத்துக்கிட்டத காட்டி அத புதுப்பிச்சுக்கலாம்.

கத்துக்கிட்டது பழசாகுறதும் அவ்ளோ வேகம். எல்லா டேட்டாபேஸையும் ஒரே எடத்துல தேடுற மாதிரி எச்.டி.ஏ.எஸ்னு ஒண்ணு இங்க இருந்துச்சாம், 2022 மார்ச் கடைசில அத மூடிட்டாங்க, வருஷக்கணக்கா அதுலயே பழகுன சீனியருங்க எல்லாம் ஆவிட், எப்ஸ்கோன்னு வேற வேற கம்பெனியோட தேடுற தளங்கள தனித்தனியா முதல்லருந்து கத்துக்கிட்டாங்க. அதே வருஷம் மெட்லைன்ல ஒவ்வொரு கட்டுரையும் எதப் பத்தினதுன்னு மெஷ்ங்கற சொல் பட்டியல்லருந்து தலைப்பு போடுற வேலையும் மெஷின் கைக்குப் போயிருச்சு. அதனால மெஷ்ஷ மட்டும் நம்பாத, கட்டுரையோட பேருலயும் சுருக்கத்துலயும் வர்ற வார்த்தைகளையும் சேத்தே தேடு. இப்ப சாட்ஜிபிடி வேற, இல்லாத கட்டுரைய இருக்குற மாதிரியே பேரு, ஜர்னல், வருஷத்தோட குடுக்குது, அதக் கொண்டு வந்து இது வேணும்னு கேக்குறாங்க. உண்டா இல்லையான்னு பாத்து சொல்றதும், ஏன் இப்படி வருதுன்னு பொறுமையா சொல்லித்தர்றதும் நம்ம வேலைதான். நோயாளிக்குக் குடுக்குற காகிதம் அவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதறதுக்கு நர்ஸுங்களுக்கு நாங்க பயிற்சி குடுக்குறோம். இங்கிலாந்துலயே பெரியவங்கள்ல நூத்துக்கு 43 பேருக்கு மருத்துவத் தகவல் புரியறதில்லையாம், அதுல நம்பரும் வந்துட்டா 61 பேருக்கு.

இந்திய நூலகத்துறைக்கே தந்தைன்னு சொல்ற நம்ம சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924ல இந்த நாட்டுக்கு வந்து லைப்ரரி வேலைய படிச்சுட்டுப் போனவரு, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துன்னு அவரு சொன்ன விதிய இங்க தினமும் நான் கண்ணால பாக்குறேன்.

இதெல்லாம் அங்கருந்தே ஆரம்பிக்கலாம்டி. அரசாங்கமே ஜர்னலுங்களுக்கு சந்தா கட்டுற ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரில வந்துச்சுல்ல, அது அரசாங்க காலேஜுக்குத்தான், உங்களுது பிரைவேட்டு. ஆனா பப்மெட் ஃப்ரீ, மெஷ் ஃப்ரீ, ஆராய்ச்சிங்கள தொகுத்துப் பாக்குறது எப்படின்னு சொல்ற காக்ரேன் ஹேண்ட்புக்கும் நெட்ல ஃப்ரீ, அதுல நாலாவது அத்தியாயம் எப்படி தேடுறது, வந்ததுல எப்படி தேர்ந்தெடுக்குறதுன்னுதான். தீசிஸ் எழுதுற பிஜி பசங்க யாராவது ஒருத்தர நீயே கூப்புட்டு கேள்வி என்னன்னு கேளு, பிரிச்சு எழுதி தேடிப் பாரு, தேடுன வரிய அப்படியே எனக்கு வாட்ஸப்ல அனுப்பு, எங்க விட்டுப்போச்சுன்னு சேந்து பாப்போம்.

அப்பாவுக்கு கண் செக்கப்புக்கு பணம் இந்த வாரமே போட்டு விடுறேன், நீயே கூட்டிட்டுப் போ, அவரா போகமாட்டாரு.

அன்புடன்
அக்கா