டர்போ வைக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "என் பெட்ரோல் காருக்கு டர்போ வைக்க எவ்வளவு ஆகும்?" என்று கடைக்கு வந்தும் போனிலும் பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் மாருதியின் எஸ்டீமோ முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டோ வைத்திருக்கும் இளைஞர்கள். டர்போ என்பது, இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி. ஒரு தொகையை வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் இறங்கினால் வண்டி பாதி வேலையோடு ஷெட்டில் நின்றுவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சட்டம். ஆர்சியில் பதிவான விவரங்கள், உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்க வழி வந்துவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் இது ஒரு காரணமாகும். ஆகவே ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடப்போகும் வண்டிக்குத்தான் இந்த வேலையை எடுக்கிறோம். நம் கோவையிலேயே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் ஆசை தீர ஓட்டுங்கள். தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு டர்போ வேண்டுமென்றால், கம்பெனியே டர்போ வைத்து விற்ற பலேனோ ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்றவற்றில் ஒன்றைப் பழையதாக வாங்குவதே நல்லது. மிச்சமும்கூட.

சரி, டிராக் வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எந்த இன்ஜின் என்பதில்தான் பாதி பட்ஜெட் தீர்மானமாகிறது. பழைய 1.3 லிட்டர் ஸ்விஃப்ட்டின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற அளவு, சுமார் 9. பின்னால் வந்த 1.2 லிட்டர் கே சீரிஸ் இன்ஜினில் அது 11. காரின் வயதைப் பார்த்தால் இரண்டாவதுதான் கண்ணுக்குப் பிடிக்கும், ஆனால் டர்போவுக்கு முதலாவதே தோது. 11 விகிதத்தில் ஏற்கெனவே நன்றாக நசுங்கும் கலவையை இன்னும் நசுக்கினால் நாக்கிங் வரும். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துவிடுவதுதான் நாக்கிங்.

கம்பெனிகளுக்கே இது தலைவலியாக இருந்திருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. கம்ப்ரஷன் 10.25. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டாங்கில் ஊற்றி, இன்ஜினுக்குள் பீய்ச்ச வேண்டியிருந்தது. பல உரிமையாளர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். 1963ஓடு வண்டியே நின்றுபோனது.

நாக்கிங் என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினால் கடைக்கு வாருங்கள், கழற்றி வைத்த பிஸ்டன்கள் மேஜையில் இருக்கின்றன. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய அலுமினிய வரப்பு கால் வட்டத்துக்கு உடைந்து போயிருக்கும். தலைப்பக்க விளிம்பைத் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். அதிக பூஸ்டில், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தில், ஓட்டிக் கெட்டவை மட்டும் அல்ல இவை. பூஸ்ட் குறைவாக இருந்தும் பெட்ரோல் போதாமலோ இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் தீ மூட்டும் நேரம்) முந்திப்போயோ உடைந்தவையும் உண்டு.

எனவே நாங்கள் வற்புறுத்துவது ஒன்றைத்தான். பட்ஜெட்டில் பெரிய பங்கை டர்போவுக்கு ஒதுக்காதீர்கள், பெட்ரோலையும் டைமிங்கையும் கட்டுப்படுத்தும் பொருள்களுக்கு ஒதுக்குங்கள். பழைய டர்போ போட்டு, 0.4 பார் பூஸ்டில் ஓடும் ஒரு 1.3 ஸ்விஃப்ட்டுக்கு எங்கள் கணக்கு இரண்டரை லட்ச ரூபாய் பக்கம் வரும். அதில் டர்போவின் பங்கு பத்தில் ஒன்று. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி), டைனோவில் (வண்டியின் திறனை அளக்கும் மேடையில்) வைத்து டியூனிங் செய்வது எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தை எட்டும். மிச்சம் மேனிஃபோல்ட் (இன்ஜினின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்), இன்டர்கூலர் (டர்போவில் சூடேறிய காற்றைக் குளிரவைப்பது), பைப், கிளட்ச், கூலி. இந்த ஒரு லட்சத்தைக் கையில் வைக்காமல் டர்போவை மட்டும் முதலில் வாங்கி வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு என்றால், வண்டியோடு வந்த பிரஷர் சென்சாருக்கு வெளிக்காற்றின் அழுத்தம், அதாவது சுமார் ஒரு பார், வரைதான் அளக்கத் தெரியும். பூஸ்ட் ஏறியதும் இசியூவுக்குக் கண் தெரியாது. இரண்டு அல்லது இரண்டரை பார் அளக்கும் சென்சாரும், அதைப் படித்துப் பெட்ரோலைக் கூட்டி, டைமிங்கைப் பின்தள்ளும் தனி இசியூவும் வேண்டும். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், பூஸ்டில் 12க்குக் கீழே இறக்கி ஓட்டுவோம். 87 குதிரைத்திறன் இன்ஜின் 0.4 பாரில் 110ஐத் தாண்டும். அதற்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 220 சிசி போலத் தர வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், ஆனால் அளவு கூடுதலாகக் கேட்கும். அதனால் 300 சிசி வாங்கச் சொல்கிறோம்.

0.4 பாரோடு ஏன் நிறுத்துகிறோம் என்று பலர் முகம் சுளிக்கிறீர்கள். 35 டிகிரி காற்றை 0.4 பார் அழுத்தினால், சுமாரான டர்போவில் அது 80 டிகிரியைத் தாண்டிவிடும். 0.7 பாரில் 110ஐத் தாண்டும். கோவை வெயிலில் இன்டர்கூலரும் ஓரளவுக்குத்தான் இறக்கும். பிஸ்டன், ராட் எல்லாம் பழையதாகவே இருக்கும்போது அந்த மிச்ச 0.3 பார், இன்ஜினையே பிரித்துக் கட்டும் செலவை இழுத்து வரும். அது பட்ஜெட் வேலை அல்ல.

அப்புறம், சென்னைப் புதுப்பேட்டையிலோ நம் உக்கடத்திலோ பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் டீசல் டர்போ. விலை மலிவு, அளவும் கிட்டத்தட்டப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் டீசல் புகையை விடப் பெட்ரோல் புகை சூடானது. முழு லோடில் 900 டிகிரி வரை போகும். அசையும் இறகு வைத்த விஜிடி டீசல் டர்போவின் இறகுகள் அந்தச் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவற்றைத் தொடாதீர்கள். வேஸ்ட்கேட் (கூடுதல் புகையை வெளியே திருப்பிவிடும் கதவு) வைத்த சாதாரண டர்போ என்றால் பார்க்கலாம், ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் ஆக்சுவேட்டர் டீசலின் கூடுதல் பூஸ்டுக்காக அமைந்தது, மாற்றியாக வேண்டும். வாங்கும் இடத்திலேயே ஷாஃப்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், அசைவு தெரியவே கூடாது. பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், இறகு கூட்டில் உரசக் கூடாது.

இதில் சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கெடுப்பது ஆயில் ரிட்டர்ன் லைன். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் ஆயில், தன் எடையால் மட்டுமே கீழே இறங்கி, இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பும். பைப் தடிமனாக, எங்கும் மேலே வளையாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இடம் இல்லை என்று வளைத்துவிட்டால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, சைலன்சரில் நீலப் புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்குவீர்கள். சம்ப்பைக் கழற்றி முறையாக வெல்ட் செய்யும் கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

பணத்தைத் தவணையாகத்தான் போட முடியும் என்பவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதலில் இன்ஜினின் உடல்நிலை. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில், நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போ பேச்சையே நிறுத்துவோம். அடுத்து இசியூவும் காற்று, பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் அகன்ற அளவு (வைட்பேண்ட்) ஆக்சிஜன் சென்சாரும் போட்டு, டர்போ இல்லாமலே டியூன் செய்து சில மாதம் ஓட்டுங்கள். வண்டி அப்போதே துடிப்பாகும், அளவீடுகளும் உங்களுக்குப் பழகும். டர்போ, பைப், இன்டர்கூலர் எல்லாம் கடைசியில். இடையில் பணம் நின்றுபோனாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கம்ப்ரஷன் டெஸ்டுக்கு வர விரும்புபவர்கள் முந்தைய நாள் போன் செய்துவிடுங்கள். சூடான இன்ஜினில்தான் அளப்போம், அதனால் வண்டியை ஓட்டியே வாருங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். கடைசியாக ஆயில் மாற்றிய பில்லும், ஹெட் கேஸ்கட் எப்போதாவது மாறியிருந்தால் அந்த விவரமும் கொண்டு வாருங்கள். டெஸ்ட் முடிந்ததும் உங்கள் வண்டிக்கான செலவை ஒவ்வொரு பொருளாக எழுதித் தருவோம். வேலையை எங்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப்,
கோயம்புத்தூர்