உங்கள் பழைய இரும்பு எங்கள் பட்டறைக்கு வரும் முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்குப் பிறகு, பழைய இரும்பில் நாங்கள் செய்கிற சிற்பங்களுக்கு ஆர்டர்கள் கூடியிருக்கின்றன. கூடவே ஒரு கேள்வியும் திரும்பத் திரும்ப வருகிறது. "காயலான் கடை இரும்பில் செய்வதுதானே, மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்து நிஜ மான் மாதிரியே கொடுத்தால் என்ன?" கேட்பதில் தவறே இல்லை. ஆனால் நாங்கள் அப்படிச் செய்வதில்லை. ஏன் என்று ஒருமுறை விவரமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கொக்கு கொக்காகத் தெரிய வேண்டும். அதன் கால் முன்பு சைக்கிள் ஃபோர்க்காக இருந்தது என்பதும் தெரிய வேண்டும். இந்த வேலையில் எங்களைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பட்டி பூசி மறைத்துவிட்டால் பழைய இரும்புக்கு அங்கே வேலையே இல்லை. புதுத் தகடு வாங்கி வளைத்துவிடலாம், செலவும் குறையும். 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். இரண்டே பொருள்: சீட்டு முகம், ஹேண்டில்பார் கொம்பு. பார்க்கிற யாருக்கும் சைக்கிளும் தெரியும், காளையும் தெரியும். நாங்கள் செய்ய நினைப்பதும் அந்த வகைதான்.

காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். வடிவம் ஏற்கெனவே பொருளில் இருக்க வேண்டும், அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாகப் பார்க்கும்போது ஒரு பைக் கிக்கர் ராடின் வளைவு ஆட்டின் பின்னங்காலாகவே கண்ணில் படும். சில நாள் ஒன்றுமே அமையாது. ஒரு மூட்டையைக் கொட்டி, கிளறி, திரும்பக் கட்டிவிட்டு வருவோம். பில்லில் இரும்பின் எடைக்கான தொகை மிகச் சிறியது. மீதி எல்லாம் இந்தத் தேடலுக்கும், அப்புறம் துரு, கிரீஸ், பழைய பெயின்ட் எடுக்கிற வேலைக்கும்தான்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். ஆமைக்கு மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் மூச்சுமுட்டிப் போகும். அதன் பிறகு ஆமை கேட்டு வருகிறவர்கள் அதிகம். இதில் மட்டும் நாங்கள் கொஞ்சம் பிடிவாதக்காரர்கள். ஏதோ ஓர் ஆமை என்று செய்ய மனம் வருவதில்லை. பச்சையாமைக்கு ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் பக்கத்துக்கு 4 தகடுகள். பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் 6 அல்லது அதற்கு மேல், சில சமயம் இடது பக்கமும் வலது பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகாது. டீக்கடையில் வடை சுட்டுக் கழித்த இரும்புச் சட்டியைக் கவிழ்த்து, மேலே தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகளை வெட்டி அந்தக் கணக்கில்தான் பதிக்கிறோம். சட்டியில் ஆண்டுக்கணக்கில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைச் சுட்டு எடுக்காமல் வெல்டிங் வைத்தால் பற்றாது, குமிழி குமிழியாகக் கிளம்பும். ஆனால் உள்பக்கத்துக் கறுப்பு நிறத்தை மட்டும் அப்படியே விடுகிறோம்.

சமீபத்தில் புரசைவாக்கத்திலிருந்து ஒருவர் அவருடைய அப்பாவின் சைக்கிளைக் கொண்டு வந்தார். வாசலில் வைக்க ஒரு கொக்கு வேண்டும், வெள்ளை அடித்துத் தாருங்கள் என்றார். ஹேண்டில்பாரைக் கழற்றிப் பார்த்தோம். பிடிக்குப் பக்கத்தில் குரோம் போய் உள்ளிரும்பு தெரிந்தது, வலது பக்கம் இன்னும் அதிகம். ஒரே கை பல வருஷம் பிடித்துத் தேய்த்த இடம். அதையே கொக்கின் கழுத்தாக வைத்தோம். இணைப்பு வருகிற இடத்தில் மட்டும் முலாமை அரைத்து எடுத்தோம், தேய்ந்த இடத்தைத் தொடவில்லை. பார்த்துவிட்டு வெள்ளை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, நீங்களும் வீட்டுச் சாமான் கொண்டு வருவதாக இருந்தால் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செயின், ஸ்பிராக்கெட், ஸ்பேனர், மட்கார்டு, சாதாரண இரும்புக் கம்பி எல்லாம் நல்லது. ஸ்கூட்டர் இன்ஜின் கூடு அலுமினியம், அதை இரும்போடு வெல்டிங் செய்ய முடியாது, போல்ட் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்; அந்த போல்ட் தலை வெளியே தெரியும், சம்மதம் என்றால் செய்கிறோம். பழைய தையல் மெஷின் வார்ப்பிரும்பு, சூடு ஏறி இறங்கும்போது விரிசல் விடும். எதையும் எலுமிச்சைத் தோல் தேய்த்து மினுக்கிக் கொண்டு வரத் தேவையில்லை, கறையோடு வந்தாலே போதும். துத்தநாக முலாம் பூசிய ஜிஐ பைப்பை அப்படியே வைத்து வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை கிளம்பி வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வரும், அதனால் முலாம் எடுக்கத் தனி நேரம் கேட்போம். பழைய பிரேக் லைனிங்கை வாங்குவதே இல்லை. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அரைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

பெட்ரோல் டேங்க் கொண்டு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எப்போது கடைசியாகப் பெட்ரோல் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடித்துவிடும். கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் அதில் கை வைப்போம்.

பெயின்ட் இல்லை என்றால் துருப் பிடிக்காதா என்பீர்கள். நிறம் தராத கிளியர் கோட் அடித்துத்தான் தருகிறோம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று அதையும் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் எடுங்கள். பல் சக்கர இடுக்குகளில் டூத் பிரஷ் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே கொண்டு வந்தால் அந்த மேல்பூச்சைப் புதுப்பித்துத் தருகிறோம், எங்களிடம் வாங்கியவற்றுக்கு மெட்டீரியல் செலவு மட்டும்தான். பெரிய சிற்பமாக இருந்தால் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், போன் செய்யுங்கள், ஆள் அனுப்புகிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து