டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வயர்லெஸ் பிராட்பேண்ட் பற்றி வந்த கட்டுரையில் லேட்டன்சி (தாமதம்), பேண்ட்வித் (கொள்ளளவு) எல்லாம் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தன. கீழக்கரை, ஏர்வாடி பக்கம் கேமராவும் ஆன்டெனாவும் மாட்டிக் கொடுப்பது என் தொழில். அந்த முறையில் ஓர் இடத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. 'எதிரே டவர் தெரிந்தால் போதும்' என்று இருந்தது. போதாது.

இரண்டு ஆன்டெனாவுக்கு நடுவே அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. இடையில் உப்பிக்கொண்டு போகும். அந்த உப்பலுக்குத்தான் ஃப்ரெனல் ஸோன் என்று பெயர். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு லிங்க் (ஆன்டெனா இணைப்பு) போட்டால், நட்டநடுவில் சுற்றிலும் 5 மீட்டர் அளவுக்கு அது விரியும். அதில் 60 சதவீதமாவது, அதாவது 3 மீட்டர், மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். பனந்தலைக்கு மேலே டவர் பளிச்சென்று தெரியும், லிங்க் மட்டும் தள்ளாடும். கடலைத் தாண்டிப் போகும் லிங்க் இன்னும் மோசம். நேரே வரும் அலையும் தண்ணீரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நீர் ஏறி வற்ற, சிக்னலும் ஏறி இறங்கும். அங்கே ஆன்டெனாவை உயர்த்தினால் சில சமயம் இருந்ததும் போய்விடும்.

அடுத்தது, கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன அப்லோட். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். துபாயில் இருக்கும் மகன் ராத்திரி உம்மாவோடு வீடியோ காலில் பேச வேண்டும், வாசல் கேமராவையும் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே இங்கிருந்து வெளியே போகும் வேகம்தான் முக்கியம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதோ டவுன்லோட். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜியில் ஒரே அலைவரிசையை இரண்டு திசைக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பங்கு இறங்குவதற்கே போகிறது. 2023 ஜனவரியில் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்தை மத்திய அரசு 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அதுவும் டவுன்லோடுக்குத்தான்.

சிஜி-நாட் பற்றிக் கட்டுரையில் பேச்சே இல்லை. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் தேடிவரும் ஒரே விலாசத்துக்கு, பின்னால் வைக்கும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து தேடிவரும் அழைப்புக்கு அதில் எந்த வீடு என்று தெரியாது. வெளி அழைப்பை நேரே கேமராப் பதிவுப் பெட்டிக்கு, அதாவது டிவிஆருக்கு, திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, கனெக்‌ஷனை மாற்றிய அன்றே கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியாமல் போகிறது. கம்பெனி ஆள் 'டிவிஆர் பழசு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திட்டு எங்களுக்கு.

என் கோரிக்கை ஒன்றுதான். கனெக்‌ஷன் கொடுக்கும் நாளில் அப்லோட் வேகம், பொது ஐபி உண்டா இல்லையா, ஆன்டெனாவில் கிடைக்கும் சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு) ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மொபைலில் தெரியும் கோடுகளை நம்பிப் பயனில்லை, அவற்றை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். டிபிஎம் அப்படியல்ல. மைனஸ் 80-க்கும் மைனஸ் 110-க்கும் பார்க்க 30தான் வித்தியாசம். உண்மையில் சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

அந்த எண் கையில் இருந்தால் பாதிச் சண்டை தீரும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் உப்புச் சாரல் மொட்டைமாடிவரை வருகிறது. ஆன்டெனாவுக்குப் போகும் ஈதர்நெட் கேபிளிலேயே கரண்டும் போவதால், கேபிள் முனையில் ஈரம் புகுந்த ஆர்ஜே45 கனெக்டரின் பின்களில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும். நெட் விட்டுவிட்டு வரும். கம்பெனிக்குப் போன் போட்டால் 'டவரில் வேலை நடக்கிறது' என்பார்கள். ரசீதில் மைனஸ் 82 என்று இருந்து, இன்றும் அதே மைனஸ் 82 காட்டினால், கோளாறு டவரில் இல்லை, கனெக்டரில். வெட்டிவிட்டுப் புதிய கனெக்டரை கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), தண்ணீர் புகாத உறை போட்டால் வேலை முடிந்தது. மைனஸ் 105-க்கு இறங்கியிருந்தால் கம்பெனிதான் மாடிக்கு ஏற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கீழக்கரை