கட்டுப் போடுகிற வீட்டிலிருந்து வந்த டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கை கால் உடைந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடுகிறவர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவ விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வடசென்னைப் பக்கம் காசிமேடு, கொருக்குப்பேட்டை ஆட்கள் என்றாலே விவரம் கெட்டவர்கள் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதுதான் உறுத்தியது. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மாவுக்கட்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

தொடை எலும்பு உடைந்து வருகிறவருக்கு ஒரு இரும்புச் சட்டம் மாட்டுவோம். இடுப்போரம் தோல் சுற்றிய வளையம், அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் கம்பி, பாதத்தைத் தாண்டி இரண்டும் சேர்ந்துவிடும். காலை இழுத்து அந்த முனையில் கட்டிவிட்டால், அதுவரை கத்திக்கொண்டிருந்த ஆள் அடங்கிவிடுவார். தாமஸ் ஸ்பிளிண்ட் என்று பெயர். இதைச் செய்த ஹியூ ஓவன் தாமஸ் 1834-இல் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் பிறந்தவர். பிரிட்டனில் எலும்பு அறுவை மருத்துவத்துக்குத் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அவருடைய பரம்பரை என்ன தெரியுமா? நம்ம புத்தூர்க்காரர்கள் மாதிரியே தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டுகிற பரம்பரை!

அப்பா இவான் தாமஸ், பட்டம் எதுவும் இல்லாமல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் மேல் வழக்குப் போட்டு இழுத்தடித்தார்கள். மனுஷன் ஐந்து ஆண் பிள்ளைகளையும் டாக்டருக்கே படிக்க வைத்துவிட்டார். ஹியூ படித்து முடித்து வந்து கொஞ்ச நாள் அப்பாவோடு சேர்ந்து வைத்தியம் பார்த்தார், ஒத்துவரவில்லை, பிரிந்து போய்விட்டார். (அப்பனும் பிள்ளையும் ஒரே தொழிலில் இருந்தால் எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கதைதான் போல.) ஆனால் துறைமுகத்தை விட்டு அவர் போகவில்லை. நெல்சன் தெருவில் இருந்த வீட்டிலேயே ஒரு கொல்லரையும் தோல் வேலை செய்கிறவரையும் வைத்துக்கொண்டு, வருகிற காலுக்கு ஏற்ற மாதிரி சட்டம் அடித்துக் கொடுத்தார். வந்தவர்கள் பெரும்பாலும் கப்பல் கட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், மாலுமிகள். ஞாயிற்றுக்கிழமை காசே வாங்காமல் பார்த்தார்.

பெரிய டாக்டர்கள் அவரைச் சட்டை செய்யவில்லை. 1891-இல் அவர் இறந்தபோதுகூட அந்த இரும்புச் சட்டத்தைப் பரவலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப் போரில் தொடையில் குண்டடி பட்டவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், நூற்றுக்கு 80 பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். உடைந்த எலும்பு ஆட ஆட உள்ளே சதையும் ரத்தக்குழாயும் கிழியும், வெளியே தெரியாமலே தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கிவிடும். தாமஸ் வீட்டிலேயே தங்கித் தொழில் கற்ற, அவர் மனைவி வழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸ்தான் மாமாவின் இரும்புச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோனவர். அடிபட்ட இடத்திலேயே மாட்டி அனுப்பியதும் சாவு 20 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதே ஜோன்ஸ் 1888-இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டும் வேலை நடந்தபோது, அடிபடுகிற கூலிகளுக்காகக் கால்வாய் ஓரமாகவே ஆஸ்பத்திரிகளும் முதலுதவி இடங்களும் வைத்து நடத்தியவர்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி இடித்தோ, படகிலிருந்து வழுக்கியோ கை உடைந்தவன் ஏன் கட்டுக்காரரிடம் போகிறான்? பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) காலையில்தான். போனால் அவனுக்கு மட்டுமில்லை, கூட வருகிறவனுக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி போச்சு. எக்ஸ்ரே ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம், மறு தேதி வேறு. கட்டுக்காரர் சாயங்காலமும் இருப்பார், ஞாயிறும் இருப்பார், "வாப்பா உட்காரு" என்பார். ஆபரேஷன் பண்ணி பிளேட் வைக்கணும் என்றாலே பயப்படுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அதற்காகக் கட்டுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டி, விரல் நீலம் பாய்ந்து, மரத்துப்போய் வந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன், அதில் கையை இழந்த பையனும் உண்டு. புண்ணோடு உடைந்திருந்தாலோ, கட்டுப் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டினாலே உயிர் போனாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கட்டைப் பிரித்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். ராத்திரியானாலும் கேஷுவாலிட்டி திறந்திருக்கும். இதை உங்கள் கட்டுரை கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம், கிண்டலுக்குக் கொடுத்த இடத்தில்.

கட்டுரை எழுதிய டாக்டரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஹார்பர் பக்கம் சாயங்கால எலும்பு ஓ.பி. ஒன்று, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நடத்த என்ன தடை? டாக்டர் பற்றாக்குறையா, எக்ஸ்ரே ஆள் இல்லையா, வேறு எதுவுமா? அவர் பதில் எழுதினால் அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மாவுக்கட்டு ரூம் ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.