கடலூர்க் கரையில் ஒரு கல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 250-ஆம் ஆண்டையொட்டி நம் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்ததோடு சண்டை ஓய்ந்தது என்று எழுதியிருந்த இடம் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. அமெரிக்கக் கரையில் பெரிய சண்டை ஓய்ந்தது உண்மை. ஆனால் அந்தப் போரின் கடைசிப் பெரிய கடற்சண்டை அமெரிக்காவில் நடக்கவில்லை. அது நடந்தது நம் கடலூருக்கு நேரே, வங்கக் கடலில், 1783 ஜூன் 20-ஆம் தேதி. அந்தச் சண்டையை நடத்திய பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப்பட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. எங்கள் அப்பாவுக்குத் திருமங்கலத்தில் மாட்டுவண்டிப் பட்டறை. ஆரக்கால் செதுக்கி, வட்டை பூட்டி வளர்ந்த கை இது. பத்தொன்பது வயதில் ரயிலேறிப் பம்பாய் போய்க் கடற்படைக் கப்பல் தளத்தில் தச்சனாகச் சேர்ந்தேன். அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை. வைகையில் வெள்ளம் வந்தால் அதுதான் எனக்குக் கடல். அந்தத் தளத்துக்குள் 1750-களில் ஆங்கிலக் கம்பெனி கட்டிய கல் டிரை டாக் ஒன்று இன்னும் இருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்தி அடிப்பலகை வரைக்கும் பார்க்கலாம். அந்தப் படிக்கட்டில் பல வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் மூத்த மேஸ்திரி ஒருவர், "இங்கேதாண்டா ஹியூஸோட கப்பலெல்லாம் வந்து பழுது பாத்துட்டுப் போச்சு. எதிரிக்கு இப்படி ஒரு இடம் இல்லை, தெரியுமா?" என்றார். ஆங்கிலத் தளபதி ஹியூஸின் அந்த எதிரி யார் என்று விசாரிக்கப் போய்த்தான் சுஃப்ரென் எனக்கு அறிமுகமானார்.

பிரான்சின் தெற்கே ப்ரோவான்ஸ் பகுதியில் 1729-இல் பிறந்தவர். பதினான்கு வயதில் கப்பலேறியவர். ஆங்கிலேயரிடம் இரண்டு முறை சிறைப்பட்டவர். அமெரிக்கர்களுக்கு உதவப் பிரான்ஸ் போரில் இறங்கியதும் 1778-இல் அமெரிக்கக் கரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த நியூபோர்ட் துறைமுகத்துக்குள் துணிந்து கப்பலை விட்டார். பிடிபடுவதைவிட எரிப்பதே மேல் என்று ஆங்கிலேயர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே கொளுத்தினார்கள். 1781-இல் அவரைக் கிழக்கே அனுப்பினார்கள். வழியில் தலைமைத் தளபதி இறந்துபோக, 1782 பிப்ரவரியில் மொத்தக் கப்பல்படையும் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 52 வயது. கனத்த உடம்பு, கசங்கின சட்டை, ஏகப்பட்ட சாப்பாடு, அதைவிட ஏகப்பட்ட கோபம். மாலுமிகள் அவர்மேல் உயிரை வைத்திருந்தார்கள். கப்பல் தலைவர்களில் பாதிப் பேர் சொன்னபடி கேட்கவில்லை. சிலரை ஊருக்கே திருப்பி அனுப்பினார்.

அவரும் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸும் ஐந்து தடவை மோதினார்கள். 1782 பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினம். ஏப்ரல் 12-இல் இலங்கைக் கரையோரம். ஜூலை 6-இல் நாகப்பட்டினம். செப்டம்பர் 3-இல் திரிகோணமலை. கடைசியாகக் கடலூர். எல்லாம் தமிழ் பேசும் கரைகளும் அவற்றின் அக்கம்பக்கமும்தான்.

இனி நான் சொல்லப் போவதைத் தச்சன் கண்ணோடு பார்க்க வேண்டும். பாய்மரக் கப்பல் ஒரு சண்டை போட்டு வந்தால் உடம்பு முழுக்க ஓட்டை. பலகை இடுக்கில் கயிற்றுநார் திணித்துக் கீல் ஊற்றிய பூட்டெல்லாம் அதிர்ச்சியில் விட்டுப்போயிருக்கும். பெரிய கப்பலின் நடுப் பாய்மரம் ஒரே மரத்தில் வராது. பல மரங்களைச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தி இரும்புப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். அதை நட்டுக்குத்தாக ஏற்றி நிறுத்தத் துறைமுகம் வேண்டும், பளுதூக்கி வேண்டும், அலையில்லாத நீர் வேண்டும். ஹியூஸுக்குப் பம்பாய் இருந்தது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பினால் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அவர் பம்பாய்க்குப் போய் நிம்மதியாகப் பழுது பார்த்து வருவார். சுஃப்ரெனுக்கு இந்தக் கரையில் ஒரு துறைமுகமும் இல்லை. புதுச்சேரியை 1778-லேயே ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். மற்ற தளபதிகள் என்றால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மொரீஷியஸுக்குத் திரும்பியிருப்பார்கள். போய்விட்டால் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த மைசூர் ஹைதர் அலி தனியாக நிற்பார் என்று இவர் போக மறுத்தார்.

என்ன செய்தார்? கடலூருக்கு எதிரே திறந்த கடலில், கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும்போது வேலை பார்த்தார். சின்னக் கப்பல்களின் மரத்தைக் கழற்றிப் பெரிய கப்பலுக்கு வைத்தார். பிறகு திரிகோணமலைக் கோட்டையை அவரே பிடித்தார். அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் துறைமுகம். அங்கே நடந்த சண்டையில் அவருடைய கொடிக்கப்பல் 'ஈரோ'வின் நடுப் பாய்மரம் கொடியோடு முறிந்து விழுந்தது. சரணடைந்துவிட்டார் என்று ஆங்கிலக் கப்பல்களில் ஆரவாரம் கேட்டதாம். இருக்கிற வெள்ளைக் கொடியையெல்லாம் எடுத்துக் கப்பல் முழுக்கக் கட்டுங்கள் என்று கத்தினாராம். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கொடியே வெள்ளைதான். சண்டை முடிந்து துறைமுகத்துக்குள் திரும்பும்போது 'ஓரியான்' என்ற 74 பீரங்கிக் கப்பல் தரைதட்டிப் போனது. அதை நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. அதன் மரங்களை இறக்கி, மரமிழந்து நின்ற இரண்டு கப்பல்களுக்கு ஏற்றினார். எங்கள் பட்டறையில் அப்பா ஒடிந்த வண்டியின் நல்ல ஆரக்காலை எடுத்து அடுத்த வண்டிக்குப் போடுவார். அதே புத்தி. இந்த இடத்தைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கப்பல்களுக்கும் கரைக்கும் நடுவில் யார் போய் வந்திருப்பார்கள்? நம் கரையில் பெரிய கப்பல் கிட்டே வர முடியாது. தண்ணீர்ப் பீப்பாய், அரிசி மூட்டை, வெடிமருந்து, காயம்பட்ட ஆள், எல்லாமே மசூலா படகில்தான் அலையைத் தாண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். தூது போக, கடிதம் கொண்டுபோகக் கட்டுமரம். உலகமெங்கும் இன்று 'கட்டமரான்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கரையிலிருந்து போனது. சுஃப்ரென் பெயராவது மிஞ்சியது. அந்தப் படகுக்காரர்களில் ஒருவர் பெயரும் நமக்கு மிஞ்சவில்லை.

அவரைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. பிரெஞ்சு ராஜாவுக்காக வந்தவர், நமக்காக வந்தவர் இல்லை. கைதிகளை மாற்றிக்கொள்ள ஆங்கிலேயர்களோடு உடன்பாடு ஏற்படாதபோது, சோறு போட வழியில்லை என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கைதிகளை ஹைதரிடம் ஒப்படைத்தார். அவர்கள் பட்ட பாடு கொடியது. அந்தச் செயலை நான் மன்னிக்கவில்லை. இந்தப் படைகள் மாறிமாறி நடந்த ஆற்காட்டுச் சீமையில் அந்த வருஷங்களில் பஞ்சத்தில் செத்த குடியானவர்களை எந்தத் தளபதியும் எண்ணவில்லை. கல் வைத்தால் இதுவும் அந்தக் கல்லில் இருக்க வேண்டும்.

கடலூருக்கு வருகிறேன். 1783 ஜூனில் ஊருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை. வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை முற்றுகை. கடலில் ஹியூஸ், 18 போர்க்கப்பல்களோடு. சுஃப்ரெனிடம் 15-தான், அவையும் ஒட்டுப்போட்டவை. மாலுமிகள் பற்றவில்லை. கோட்டையிலிருந்து 1,200 பேரை இறக்கிக் கப்பலேற்றினார்கள். அவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். கரையில் சண்டையிட்டுப் பழகியவர்கள் அன்று கப்பலில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிப் பெரிய கடற்சண்டையில் நம் ஆட்கள் நின்றிருக்கிறார்கள் என்பதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறோம்? ஜூன் 20 பிற்பகலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் சண்டை. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இரு பக்கமும் நூறு பேர் அளவில் செத்தார்கள். தண்ணீர் தீர்ந்து, ஆட்கள் ஸ்கர்வி நோயில் படுத்துவிட, ஹியூஸ் சென்னைக்குப் போய்விட்டார். முற்றுகை ஆட்டம் கண்டது.

ஒரு வாரம் கழித்து, மாத முடிவில், சமாதானக் கொடியோடு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20-லேயே பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி அதில். செத்தவர்கள் ஐந்து மாதம் முன்பே முடிந்துபோன போரில் செத்திருக்கிறார்கள்.

மதுரைக்காரனுக்கு இதில் என்ன என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நிறைய இருக்கிறது. கணவரைக் காளையார்கோவிலில் இழந்து விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்த வேலுநாச்சியாருக்குச் சிவகங்கையை மீட்க ஹைதர் கொடுத்த உதவி நாம் அறிந்தது. அந்த ஹைதருக்குக் கடலில் இருந்த ஒரே துணை சுஃப்ரென்தான். 1783 ஜூனில் கர்னல் ஃபுல்லர்ட்டனின் ஆங்கிலப் படை தாராபுரத்தைப் பிடித்து நின்றபோது, கடலூரில் ஸ்டூவர்ட்டுக்கு நெருக்கடி என்று அதை வடக்கே கூப்பிட்டார்கள். வழியிலேயே சமாதானச் செய்தி வந்தது. கை ஒழிந்த அந்தப் படை தெற்கே திரும்பியது. ஆகஸ்டில் சிவகங்கைக்கு வந்து மருது சகோதரர்களிடம் பணம் கேட்டு நின்றது. அடுத்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை உடைத்தது. நம் மண்ணுக்கு வந்த அந்தப் படையின் நடையைக் கடலூர்க் கடல்தான் ஒரு மாதம் நிறுத்தியது, பிறகு அதே கடலில் வந்த செய்திதான் திருப்பிவிட்டது. கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று வைகைக்கரையில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

அமெரிக்கர்களுக்கு இந்தச் சம்பந்தம் அன்றே தெரிந்திருந்தது. பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரல் 8-ஆம் தேதி டெலாவேர் வளைகுடாவில் ஜோஷுவா பார்னி என்ற 22 வயது இளைஞன் அந்தக் கப்பலைக் கொண்டு, தன்னைவிட அதிக பீரங்கி இருந்த ஆங்கிலக் கப்பலைப் பிடித்தான். நான்கே நாள் கழித்து, இங்கே இலங்கைக் கரையில் சுஃப்ரென் தன் இரண்டாவது சண்டையைப் போட்டார். உலகத்தின் இரண்டு ஓரத்தில் ஒரே போர்.

சுஃப்ரென் ஊர் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில், அவரோடு மோதிய ஆங்கிலக் கப்பல் தலைவர்களே தேடி வந்து மரியாதை செய்தார்கள். எந்தப் பாராட்டையும்விட அதுதான் தனக்கு நிறைவு என்று அவர் எழுதினார். 1788-இல் இறந்தார். இன்று பிரெஞ்சுக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கி வரிசைக்கு அவர் பெயர். புதுச்சேரியில் ஒரு வீதிக்கும் உண்டு.

கடலூரில்? என் மகளைக் கொடுத்திருப்பது அங்கேதான். போன தை மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பகல் முழுக்க நடந்தேன். செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடு வரை போனோம். இந்தச் சண்டையைப் பற்றி ஒரு பலகை, ஒரு கல் என் கண்ணில் படவில்லை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். அது இந்தத் துறை இல்லை என்று அடுத்த துறைக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே பதில். "தாத்தா, எந்தப் பக்கம் நின்னு சண்டை போட்டாங்க?" என்று பேரன் கேட்டான். கிழக்கே கையைக் காட்டினேன். காட்ட அங்கே தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

தொல்லியல் துறையும் கடலூர் மாநகராட்சியும் சேர்ந்து அந்தக் கரையில் ஒரு கல் நட வேண்டும். சிலை வேண்டாம். தேதி, இரு தளபதிகள் பெயர், இரு பக்கமும் செத்தவர்கள், சிப்பாய்கள், மசூலா படகுக்காரர்கள், சண்டைக்கு முன்பே கையெழுத்தாகிவிட்ட சமாதானம். இவ்வளவும் தமிழில் இருந்தால் போதும். பாடப்புத்தகத்தில் ஹைதர் அலி பாடத்தில் இரண்டு வரி சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லுக்கு நாளாகும் என்றால், அதுவரைக்கும் மரப்பலகை நான் செதுக்கித் தருகிறேன். அப்பா வாங்கிப் போட்ட தேக்குப் பலகை ஒன்று பட்டறை மூலையில் சாய்ந்து நிற்கிறது. எட்டடி நீளம், இன்னும் வெடிப்பு விடவில்லை. எழுத்தை யாராவது முடிவு செய்து அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் தச்சன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.