வயதான கோழியை என்ன செய்வது

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்த செய்தியைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கே மழை ஓய்ந்துவிட்டது. என் முழங்கால் வலிதான் ஓயவில்லை. அது கிடக்கட்டும், நீ கேட்ட கோழி விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு வயதைத் தாண்டிய உன் சிறுவிடை நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்கு ஐந்தாறு முட்டைகளோடு நிறுத்திக்கொள்கிறது என்றும், தங்கை குழம்பு வைத்துவிடலாம் என்கிறார், நீயோ சந்தையில் விற்கலாமா என்று யோசிக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். நாமக்கல் பண்ணைக்காரர்கள் ஆண்டுக்கு 300 முட்டைகள் தரும் கோழியையே ஏறத்தாழ 80 வாரங்களில் கழித்துவிடுகிறார்கள். தீவனச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது சரி. நம் நாட்டுக்கோழி நல்ல வயதிலேயே ஆண்டுக்கு 60, 80 முட்டைகளுக்கு மேல் வைப்பதில்லை. பாதித் தீனியைக் குப்பையைக் கிளறித் தானே தேடிக்கொள்ளும் அதை அந்தக் கணக்கால் அளக்க முடியாது.

முதலில், முட்டை குறைந்தது வயதினால்தானா என்று பார். இறகு உதிர்க்கும் காலத்தில் நல்ல கோழியும் இரண்டு மூன்று மாதங்கள் முட்டை வைக்காது. கழிவாய்க்கு இருபுறமும் கூராக நிற்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரல்களை வைத்துப் பார். இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்து, கொண்டையும் சிவந்திருந்தால் அது இன்னும் முட்டைக்கோழிதான். ஒரு விரலுக்கே இடமில்லாமல் கொண்டையும் வெளுத்துச் சுருங்கியிருந்தால் இப்போதைக்கு முட்டை இல்லை என்று பொருள்.

ஐந்தாறு முட்டைகள் வைத்தாலும் அது தவறாமல் அடைக்கு உட்காருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். என் பார்வையில் அதன் மதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இளங்கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்தால், பொரிக்க 21 நாள்கள், பிறகு குஞ்சுகளோடு திரிய ஏறக்குறைய இரண்டு மாதங்கள் என்று அத்தனை காலமும் அதன் முட்டை நமக்கு இல்லை. அந்த முட்டைகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்துக் கிழவியின் அடியில் வைத்து, இளையதை அடைகாக்கும் எண்ணம் தெளிய வைத்துவிட்டால், அது சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். பருந்தின் நிழலைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் செடிக்கு அடியில் ஒதுக்கும் பழக்கமும் பலமுறை குஞ்சு வளர்த்த கோழிக்கே நன்றாகக் கைவந்திருக்கும்.

சந்தைக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. கிழக்கோழிக்கு வியாபாரி தரும் விலை சொற்பம்; அந்தக் காசில் நீ வாங்கி வரும் இளம் விடைக்கோழி வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளை நோயையும் சேர்த்துக் கொண்டுவந்தால் பஞ்சாரமே காலியாகிவிடும்.

அடைக்கு உட்காருவதும் நின்று, கூட்டில் ஏற முடியாமல் தடுமாறும் காலம் வந்தால் தங்கை சொல்வதையே செய்யுங்கள். அதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஆனால் வறுவலுக்கு அந்தக் கறி ஆகாது. மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு, சிறுதீயில் நெடுநேரம் வேகவிட்டு, சாறாக இறக்கச் சொல்; முற்றிய கோழியின் ருசி எலும்பிலும் சாற்றிலும்தான் இருக்கிறது.

விரல் வைத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. தை மாதம் அங்கு வர எண்ணியிருக்கிறேன். அதற்குள் கிழவி பொரித்துவிட்டால் எனக்கு ஒரு ஜோடி பெட்டைக் குஞ்சுகளை ஒதுக்கி வை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்