கோல் காப்பாளரின் கவனயீனமா?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். கடந்த திங்கட்கிழமை உங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், முதல்நாள் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் நடந்த உதைபந்தாட்ட இறுதியாட்டம் பற்றி ஐந்து வரிச் செய்தி வந்திருந்தது. மூன்றாவது வரி இது: “கோல் காப்பாளரின் கவனயீனமே தோல்விக்குக் காரணமாக அமைந்தது.” இதை எழுதியவர் அன்று மைதானத்தில் இருந்தாரா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத மனதில் கிடந்த வேறு சிலதும் சேர்ந்து வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே இருந்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியோடு நின்று பார்த்தேன். கோல் காத்துப் பழகியவனுக்கு வேறு இடத்தில் நின்று ஆட்டம் பார்க்க வராது. கழகங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. இரு பக்கமும் எங்கள் பிள்ளைகள்தான்.

முதற்பாதியில் சோளகக் காற்று தோற்ற அணிக்குப் பின்னால் வீசியது. இரண்டாம் பாதியில் முகத்துக்கு நேரே. பண்ணைக் கடலைக் கடந்து வருகிற காற்று எப்படியிருக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. கோல் காப்பாளர் முழுப்பலத்தோடு உதைத்த பந்து மைய வட்டத்தைத் தாண்டாமல் அந்தரத்தில் நின்று விழுந்தது. அந்தக் காற்றில் பந்தை நிலத்தோடு நகர்த்த வேண்டும். அதற்கு நடுக்கள வீரர் ஒருவர் பின்னுக்கு இறங்கி வந்து பந்தை வாங்க வேண்டும். ஒருவரும் இறங்கவில்லை. 52ஆவது நிமிடத்தில் இடது பின்கள வீரர் கணுக்கால் பிரண்டு வெளியே போனார். பதிலுக்கு இறக்கப்பட்டவர் முன்களத்தில் விளையாடுகிற சின்னப் பிள்ளை. எதிரணியின் பயிற்றுநர் அதை உடனே கண்டுகொண்டார். அதன் பிறகு ஐந்து தடவை அந்தப் பக்கத்தாலேயே வந்தார்கள். விரல் மடித்து எண்ணினேன். மூன்றைக் கோல் காப்பாளர் தனியே நின்று தடுத்தார். அதில் ஒன்றுக்கு அவர் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஒன்று கம்பத்தில் பட்டு வெளியே போனது. 78ஆவது நிமிடத்தில் வந்த ஐந்தாவது பந்து, சொந்த அணி வீரரின் குதிக்காலில் பட்டுத் திசை மாறி, நிலத்தில் குத்தி எழும்பி, அவருடைய மணிக்கட்டில் உரசிக்கொண்டு உள்ளே போனது.

உங்கள் பத்திரிகைக்குக் கிடைத்தது அந்த ஐந்தாவது பந்து மட்டும்தான்.

அதே பக்கத்தின் மேற்பாதி முழுவதும் ஐரோப்பியக் கழகம் ஒன்றின் ஆட்டம் பற்றிய அலசல். அம்புக்குறி போட்ட படம், எந்த வீரர் எந்த இடத்தில் பந்தைப் பறிகொடுத்தார் என்ற கணக்கு, பயிற்றுநர் மாற்று வீரரை ஏன் பிந்தி இறக்கினார் என்ற கேள்வி எல்லாம் இருந்தன. நல்ல கட்டுரை. இரண்டு தரம் வாசித்தேன். அங்கே தோற்றவர்களுக்குப் பத்துக் காரணம் தேடிக் கொடுக்கிற பக்கம், கீழே எங்கள் பிள்ளைக்கு ஒரேயொரு காரணத்தோடு நின்றுவிட்டது.

உலகமும் இந்தத் தவறைச் செய்திருக்கிறது. 2018 மே 26, கியேவ் நகரில் நடந்த, ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ரியல் மட்ரிட் 3–1 என்று லிவர்பூலை வென்றது. லிவர்பூலின் கோல் காப்பாளர் கரியுஸ் கையால் உருட்டிவிட்ட பந்து ரியல் மட்ரிட்டின் பென்சிமாவின் காலில் பட்டு முதல் கோலானது. பிறகு அதே அணியின் பேல் தூரத்திலிருந்து அடித்த பந்து அவருடைய கைகளுக்குள்ளால் நழுவி மூன்றாவது கோலானது. அவர் ரசிகர்கள் முன் போய் இரு கைகளையும் கூப்பி அழுததை நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த நாள் எழுதப்பட்டதெல்லாம் அவரைப் பற்றித்தான். லிவர்பூலின் முன்கள வீரர் சலா தோள் உபாதையோடு முப்பது நிமிடமளவில் வெளியேறிய பிறகு லிவர்பூலின் வேகம் அடங்கிப்போனதும், பேல் மாற்று வீரராக இறங்கி மூன்று நிமிடத்துக்குள் தலைக்கு மேலால் உதைத்து இரண்டாவது கோலைப் போட்டதும் பின்னுக்குப் போய்விட்டன. ஒரு வாரம் கழித்து அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலை வைத்தியர்கள் கரியுஸைப் பரிசோதித்துச் சொன்னார்கள்: அந்த ஆட்டத்தில் அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது, கண்ணால் தூரமும் திசையும் கணிப்பதில் பாதிப்பு இருந்திருக்கக்கூடும் என்று. முதல் கோலுக்குச் சற்று முன்னர்தான் ரியல் மட்ரிட்டின் ராமோஸின் முழங்கை அவரில் பட்டிருந்தது. வைத்தியர்கள் பேசிய நேரம் தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. அதன் பிறகு லிவர்பூலுக்காக ஒரு போட்டியாட்டத்திலும் அவர் கோல் காக்கவில்லை.

கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கே அந்த நிலை. எங்கள் பிள்ளைக்கு வயது பத்தொன்பது. கையுறையின் உள்ளங்கை கிழிந்து, தகப்பன் வலை பொத்துகிற தங்கூசி நூலால் தைத்துக் கொடுத்ததைத்தான் அன்று போட்டிருந்தார். அந்தத் தையல் முடிச்சுகளை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இந்த நோவு எனக்குப் புதிதல்ல. 1982இல் பாடசாலை அணிக்குக் கோல் காத்தவன் நான். ஓர் ஆட்டத்தில் உயரமாக வந்த மூலை உதையைப் பிடிக்கப் பாய்ந்து தவறவிட்டேன். அடுத்த நாள் பத்திரிகை ஒன்றில், “கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார்” என்று என் பெயரோடு வந்தது. எங்கள் ஊர்ச் சந்தித் தேநீர்க் கடையில் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் நான் அந்தச் சந்தியால் போகாமல், பின் ஒழுங்கையால் சுற்றிப் பாடசாலைக்குப் போனேன். அந்தப் பருவத்தில் நான் தடுத்த பந்துகள் ஒன்றும் எனக்கு நினைவில்லை. அந்த வரி மட்டும் இன்றைக்கும் எழுத்துக்கெழுத்து நினைவிருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு, பின்னேரங்களில் சிறுவர்களுக்குக் கோல் காக்கப் பழக்குகிறேன். 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை அவர்களோடு இருந்துதான் பார்த்தேன். ஆர்ஜென்டினா 2–0 என்று முன்னிலையில் நின்றது. 64ஆவது நிமிடத்தில் டி மரியாவை வெளியே எடுத்தார்கள். அதுவரை பிரான்ஸின் வலப்பக்கத்தைக் கலைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பதினாலு வயதுப் பிள்ளையொன்று, “சேர், இனிப் பிரான்ஸ் வரும்” என்றது. 80ஆவது, 81ஆவது நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல் போட்டுச் சமப்படுத்தினார். 3–3 என்று முடிந்து பெனால்டி வரைக்கும் போனது. அடுத்த நாள் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்கம். மெஸ்ஸியின் கண்ணீர் இருந்தது, கிண்ணம் இருந்தது, டி மரியாவை எடுத்தது பற்றி ஒரு சொல் இல்லை. ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்கிறேன். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பிபா, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்ட் கடைசியில்தான் தடையை நீக்கியது. ஏழு மாதம் தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டம் இல்லை. ஒக்டோபரில் யெமனிடம் 3–0 என்று தோற்றபோது நீங்கள் போட்ட தலைப்பு “படுதோல்வி”. ஏழு மாதம் முடங்கிக் கிடந்த அணி என்பது உள்ளே ஒரு வரியாகக்கூட இல்லை. ஐந்து நாள் கழித்துக் கொழும்பில் அதே யெமனோடு 1–1 என்று சமநிலை கண்டார்கள். அது மூலையில் இரண்டு வரி. அடுத்த வருடம் கம்போடியாவுக்குப் போய் 2–2 என்று முடித்துப் பெனால்டியில் வென்றபோது மட்டும் “வரலாற்று வெற்றி”. நடுவில் என்ன மாறியது, யார் மாற்றினார்கள் என்று உங்கள் வாசகர்களுக்கு யார் சொல்வது?

தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் வென்று வந்தால் ஒரு குழுப்படம் போடுகிறீர்கள். அவர்கள் எப்படி விளையாடினார்கள் என்று வாசித்ததாக எனக்கு நினைவில்லை. பெயர்கள் பிழையாக வருவது வேறு. சென்ற வருடம் இரண்டு பிள்ளைகளின் படங்களுக்குப் பெயர் மாறிப் போனது. தொலைபேசியில் சொன்னேன். “அண்ணை, ஸ்கோரைத் தாங்கோ, இடம் இல்லை” என்றது மறுமுனை. இறுதியாட்டச் செய்தியும் அப்படித் தொலைபேசியில் வாங்கிய ஸ்கோரிலிருந்து எழுதப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். பிழையென்றால் திருத்துங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்.

குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் உதைபந்தாட்டம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஞாயிறு ஆட்டம் முடிந்தால் திங்கள் காலை சனம் முதலில் திருப்புவது உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத்தான். கடைகளில் சத்தமாக வாசிப்பார்கள். அந்தப் பிள்ளையின் தகப்பன் மீன் கொண்டுபோகிற சந்தையிலும் வாசித்தார்கள். புதன்கிழமை பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். கையுறை கொடியில் தொங்கியது. “மாஸ்டர், அவன் பேப்பரைப் பார்த்ததிலிருந்து ஒழுங்காச் சாப்பிடுறானில்லை” என்றார் தாய். பிள்ளை உள்ளே இருந்தார். கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

அவர் அந்தப் பந்தைப் பிடித்திருக்கலாமா என்று கேட்டால், பிடித்திருக்கலாம். இடது காலை அரை அடி முன்னே வைத்திருந்தால் உடம்பு பந்துக்குப் பின்னால் வந்திருக்கும். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். அது பயிற்சியில் திருத்துகிற பிழை. மூன்று கோல்களைத் தடுத்துவிட்டு அந்த ஐந்தாவது பந்துக்கும் மணிக்கட்டைக் கொண்டுபோனவரைக் கவனயீனமானவர் என்று எழுதலாமா?

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்தச் செய்தி உங்கள் முகநூல் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. கீழே முகம் தெரியாதவர்கள் எழுதியிருப்பதை ஒரு தகப்பன் வாசிக்கக்கூடாது. அதை எடுத்துவிடுங்கள். அடுத்தது, வருகிற திங்கட்கிழமைப் பத்திரிகையில் ஒரேயொரு வரி: இறுதியாட்டத்தில் அவர் மூன்று கோல்களைத் தடுத்தார் என்று, பெயரைச் சரியாக எழுதி. பெயரைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். திங்கள் காலை பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போவேன்.

இங்ஙனம்,
முன்னாள் கோல் காப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.